பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்

மாமா தந்த பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய டிஸ்க் பிரேக் போடலாமா என்று நானும் தம்பியும் நாள்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தோம். அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத வண்டி. நான் இயந்திரவியல் படித்தவள்; டிஸ்க் அளவு, பேட், எடை என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டிருந்தேன். சாலையைச் சேர்க்கவில்லை.

அறுவடை நேரம். தம்பியைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் போனேன்; பாகூர் அருகே வளைவைத் தாண்டியதும் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் முதுகைக் காட்டியபடி காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தபடி பிரேக்கை முழுதாக மிதித்தேன். சக்கரங்கள் நின்றன, கார் நிற்கவில்லை. நெல்லின் மேல் வழுக்கி அவரை நோக்கியே போனது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தும் திரும்பவில்லை.

"மிதி அக்கா, இன்னும் மிதி" என்று தம்பி அலறினான். மிதிக்க மிச்சமே இல்லை. வேறு வழி தெரியாமல் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். சக்கரம் உருண்டது, கார் திரும்பியது. அவர் புடவையை உரசிக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குள் போய் நின்றது.

அந்தப் பெண் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஆரன் எல்லாருந்தான் அடிக்கிறாங்க, நவுந்துனே இருந்தா நெல்லு எப்பக் காயும்? அடி கிடி பட்டுச்சா?"

"பெரிய பிரேக் இருந்தா நின்னிருக்கும்க்கா" என்றான் தம்பி.

"சக்கரம் இன்னும் சீக்கிரம் நின்னிருக்கும்டா. கார் நின்னிருக்காது."

பிரேக்கை மாற்றவில்லை. அறுவடைக் காலத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறேன். ஆளில்லாத திடலில், மிதித்த காலை எடுத்துப் பழகுகிறேன். இன்னும் கால் கேட்க மறுக்கிறது.