டிரெய்லருக்கு அடியில் பாவு

டிரெய்லரை நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். நாலு மூலையிலும் ஜாக்கை இறக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் பலகை வைக்க வேண்டும். ரசமட்டம் பார்த்து ஏற்றி, சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வேலை முடிந்தது. இதை எனக்கு அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மீதியைக் காஞ்சிபுரத்தில் ஒரே காலையில் கற்றுக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசி. ஊர் ஊராகப் போய்க் கண் ஆபரேஷன் செய்கிற டிரெய்லருக்கு நான் டிரைவர், மெக்கானிக், வாட்ச்மேன் எல்லாம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கேம்ப். பள்ளிக்கூட கேட்டுக்குள் டிரெய்லர் நுழையவில்லை. பக்கத்துத் தெருவில் சாயங்காலம் நிறுத்தினேன். அகலமான, நேரான தெரு. கடை இல்லை, பள்ளம் இல்லை, இரண்டு முனையிலும் கல்தூண் வேறு. இவ்வளவு நல்ல தெருவை ஏன் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஒரு தூணில் கயிறு போட்டு டிரெய்லரைக் கட்டியும் வைத்தேன்.

பலகை மூன்றுதான் இருந்தது. நான்காவதை முந்தின கேம்பில் மறந்துவிட்டு வந்திருந்தேன். டாக்டரம்மாவிடம் சொன்னால் திட்டு விழும். இரண்டு செங்கல்லைப் போட்டு நான்காவது ஜாக்கை இறக்கினேன். டிரெய்லர் சட்டத்தில் பதித்திருந்த ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. குமிழிக்குப் பலகையும் செங்கல்லும் ஒன்றுதான்.

மறுநாள் காலை ஆறரைக்கு முதல் ஆபரேஷன். அதே தெருவில் நெசவு செய்கிற வேதாசலத்தின் மனைவி கமலம்மாவை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பத்துப் பேர் வந்து நின்றார்கள். நடுவில் வேதாசலம், தலையில் கூடை. கூடையில் கஞ்சியில் தோய்த்த பட்டுப் பாவு, மூன்று புடவைக்கான இழை. அதைக் கல்தூண்களுக்கு நடுவே அறுபது அடி நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இளவெயிலில் காயவைக்க வேண்டும். கூடையிலேயே கிடந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ்.

“இன்னாபா, எங்க தெருவுல வண்டிய கட்டி வச்சிக்கினு இருக்கிற? எடு எடு” என்றார் ஒரு மீசைக்காரர்.

“உள்ள ஆபரேஷன் நடக்குதுங்க. முக்கா மணி நேரம் பொறுங்க.”

“முக்கா மணி நேரத்துல பாவு பசையாயிடும்யா!”

“வேற தெருவுல போட்டுக்கக் கூடாதா?”

“வேற தெருவுல வேற ஆளுங்க போட்டுக்கினு இருக்காங்க. வண்டி ஸ்கூலுக்குள்ள போயிடும்னுதானே சொன்னாங்க?”

சத்தம் கேட்டு நர்ஸ் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். “கண்ணுல கத்தி வச்சாச்சு. யாரும் வண்டியைத் தொடாதீங்க.” கதவு மூடிக்கொண்டது.

வேதாசலம் கதவுப் பக்கம் திரும்பினார். உள்ளே மனைவி, தலைமேல் இரண்டு மாதத்துச் சோறு. கூடையிலிருந்து கஞ்சி அவர் காதோரம் வடிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. குனிந்து டிரெய்லருக்கு அடியில் பார்த்தேன். சக்கரங்களுக்கு நடுவே ஐந்தடி அகலம். அச்சுக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை அடி.

“இதுக்கு அடியில விட்டு இழுத்துக்கலாமா?”

“பட்டுப் பாவுபா அது. கோழின்னு நெனச்சியா?” என்றார் மீசைக்காரர்.

வேதாசலம் கூடையை இறக்கிவிட்டுக் குனிந்தார். “அந்த இரும்புல கிரீஸ் இருக்குதே” என்றார். நான் காக்கிச் சட்டையைக் கழற்றி அச்சைச் சுற்றிக் கட்டினேன். அவர் தன் துண்டையும் கொடுத்தார். கயிற்றை அவிழ்த்துத் தூணை அவர்களிடம் ஒப்படைத்தேன். இரண்டு பேர் தவழ்ந்து போக, பாவு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஈரப் பாவு சொட்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. கஞ்சித் தண்ணீர் ஓடிவந்து செங்கல் பக்கம் தேங்கியது. மண் இளகியது. ரசமட்டத்தில் குமிழி மெதுவாக நகர்ந்தது.

வேதாசலத்திடம் ஓடினேன். “அண்ணே, அந்த ஜாக்குக்குப் பலகை வைக்கல. செங்கல்தான் வச்சேன். இறங்குது.”

“உள்ள என் சம்சாரம் இருக்குதுபா” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இன்னா வோணும், சொல்லு.”

“தட்டையா, கனமா ஒரு கல்லு.”

பாவு முனையை மீசைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். அம்மிக்கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஈரம் படாத இடமாகப் பார்த்து அதைப் போட்டு, அதன்மேல் டிரெய்லரை இழுத்துவரும் லாரியின் ஜாக்கை நிறுத்தி, கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றினேன். கை நடுங்கியது. குமிழி நடுவுக்குத் திரும்பியது. கதவு திறக்கும் வரை நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பின்னால் அவருடைய பாவு காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கமலம்மாவை ஸ்ட்ரெச்சரில் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, “வண்டி கல்லு மாதிரி நின்னுச்சு, டிரைவர்” என்றார். பக்கத்தில் வேதாசலம் நின்றார். அவர் எதுவும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. அதனால்தான் பலகை விட்டுப்போனதை நானே சொல்லிவிட்டேன். சாயங்காலம் மெமோ வந்தது. நியாயமான மெமோ.

கண் கட்டை அவிழ்த்த அன்று கமலம்மாவைப் பார்க்கப் போனேன். வேதாசலம் பக்கத்தில் இருந்தார். செங்கல் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அவரு சொன்னாரு. ஜாக்கைத் திருப்பும்போது உனக்குக் கை ஒதறிச்சாமே?”

“ஆமாம்மா.”

“எனக்கு உள்ள ஒண்ணுமே தெரியலபா” என்றார் ஆறுதலாக.

டிரெய்லர் வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் ‘ஒண்ணுமே தெரியல’ என்ற அந்த ஒரு வார்த்தையை விடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. எனக்கு அது கிடைத்தபோது அதற்கு நான் யோக்கியதை இல்லாதவன். அதன் பிறகு, பலகையை எண்ணிப் பார்க்காமல் நான் வண்டியை எடுத்ததே இல்லை.