சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும்

1. கள்ளிக்குடியில் நின்ற வண்டி

ஃபேன் பெல்ட் அறுந்து எங்கள் பஸ் கள்ளிக்குடிக்குப் பக்கத்தில் நின்றபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நாலுவழிச் சாலைக்காக ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிப் போட்டிருந்த வருஷம் அது. ஒதுங்க நிழல் இல்லை. டிரைவர் வேறு பெல்ட் வாங்கி வருகிறேன் என்று ஒரு லாரியில் ஏறித் திருமங்கலம் போனார். போனவர் போனவர்தான். பஸ்ஸைச் சுற்றிப் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கும் நாற்பது பெண்கள், புதுச் சேலையும் தலைநிறையப் பூவுமாக நின்றார்கள். டூர் ஏற்பாடு செய்தவன் நான். திட்டு வாங்குவதற்கென்றே அந்த இடத்தில் நின்ற ஆள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விருதுநகரில் மல்லி, வத்தல் வியாபாரம். மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருக்கப் பிடிக்காமல் நான் ஒருவன்தான் டூர் தொழிலுக்கு வந்தேன். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் தவறாமல் கேட்பது, "மாமா, பார்க்குக்கு லேட்டாப் போய்ச் சேந்துட்டா பார்ட்டிய எப்படிச் சமாளிக்கிறது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதிலைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசிப் பக்கம் தீபாவளி சீசன் முடிந்ததும் கம்பெனிகள் கொஞ்ச நாள் அடைத்துக் கிடக்கும். அந்தச் சமயத்தில் இந்தக் கம்பெனியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எவர்சில்வர் குடம் கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் சூப்பர்வைசர் தங்கமாரி முதலாளியிடம் போய், குடத்துக்குப் பதிலாக ஒரு நாள் எங்களை மதுரைப் பக்கம் இருக்கும் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்டுவிட்டார். தங்கமாரிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, அதிராத பேச்சு. டிவியில் அந்தப் பார்க்கின் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார். குளத்துக்குள் அலை அடிக்கிறது என்று காட்டினார்களாம். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒவ்வொருத்தியாகப் பேசிப் பேசி, எல்லோரையும் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

எல்லோரையும் என்றா சொன்னேன்? பேச்சியம்மாளைத் தவிர. பேச்சியம்மாள் மகளுக்குச் சீர் சேர்த்துக்கொண்டிருந்தவர். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். ரோட்டோரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"குடம் குடுத்தா வீட்ல கெடக்கும். இப்ப என்னத்தக் கொண்டு போறது, இந்த ரோட்டுப் புழுதியவா?"

தங்கமாரி என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கெட்ட வார்த்தையால் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பெண்கள் ஒரு வருஷக் குடத்தை விட்டுக்கொடுத்தது அவர் பேச்சை நம்பி. இந்த நாள் வீணாகப் போனால் அடுத்த சீசன் முழுக்க அவர் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

2. வாசலில் செருப்பு வரிசை

டிபன் நேரத்துக்குப் போயிருக்க வேண்டிய நாங்கள், டிரைவர் ஒருவழியாகப் பெல்ட்டோடு வந்து வண்டி கிளம்பி, மத்தியானச் சாப்பாடு முடிந்து ஜனங்கள் கண்ணயரும் நேரத்துக்குப் பார்க் வாசலில் இறங்கினோம். தண்ணீர் விளையாட்டுகளைச் சாயங்காலமே நிறுத்திவிடுவார்கள். அல்லா விட்ட வழி என்று டிக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால், என் பார்ட்டி உள்ளே போகாமல் வாசலில் என்னவோ செய்துகொண்டிருக்கிறது.

நாற்பது பேரும் செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாக வரிசையாக வைத்துவிட்டார்கள். செல்போன் வைத்திருந்த ரெண்டு பேர் அதை அணைத்து வாட்ச்மேனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வாசலில் இருந்த இரும்புக் கம்பத்தை உள்ளங்கையால் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். வாட்ச்மேன் என்னைப் பார்த்தான். "ஏதும் வேண்டுதலாண்ணே?" என்றான்.

எனக்கே அது பிறகுதான் விளங்கியது. கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் செருப்போடும் செல்போனோடும் போகக் கூடாது. உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் மண்ணில் இறங்குவதற்காக வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்களாம். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். யாரும் யோசித்துச் செய்யவில்லை. வாசல் என்று ஒன்றைக் கண்டதும் கையும் காலும் தானாகவே அதைச் செய்துவிட்டன. செருப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். சிரித்தார்களே தவிர பாதிப் பேர் எடுக்கவில்லை.

என் வழக்கம், கையில் கொடியைப் பிடித்துக்கொண்டு மொத்தக் கூட்டத்தையும் பின்னால் வரச் சொல்வது. அப்படிப் போனால் ரெண்டு ராட்டினத்தோடு பொழுது சாய்ந்துவிடும். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தங்கமாரி வாயைத் திறந்தார்.

"நாலு நாலு பேராப் பிரிச்சு விடுங்க பாய். எங்க கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு பேருதான். இவளுகளுக்கு நாலு பேராப் போயி நாலு பேரா வரத் தெரியும்."

பத்துச் செட்டாகப் பிரித்தோம். ஆளுக்கொரு திசை. கூட்டம் குறைவாக இருக்கிற இடமாகப் பார்த்து ஏறுவது, எதிரே வேறு செட்டைக் கண்டால் எங்கே வரிசை குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது, கடைசியில் எல்லோரும் அலைக்குளத்தில் கூடுவது. காலேஜ் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் போதும், ரெண்டு பேரையாவது மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும். இவர்களில் ஒருத்திகூடக் காணாமல் போகவில்லை. வரிசையில் முண்டவில்லை. காலையிலிருந்து வந்து கிடந்தவர்கள் பார்க்காததையெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஏறாதது ஒன்றே ஒன்றுதான், பேய் வீடு. இருட்டுக்குள் போய்ப் பயந்துவிட்டு வருவது. தங்கமாரி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டாவது வாசல் எங்கே என்று ஆபரேட்டரைக் கேட்டார். ஒரு வாசல்தான் என்றான் அவன். அவ்வளவுதான், அவர் செட்டு நாலு பேரும் திரும்பிவிட்டார்கள், மற்ற செட்டுகளும் அந்தப் பக்கம் போகவில்லை. டிக்கெட்டில் அதுவும் சேர்த்திதானே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பேயைவிட ஒற்றை வாசல்தான் அவர்களுக்குப் பெரிய பயம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

3. அலைக்குளம்

எல்லோரும் அலைக்குளத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து சரிந்து சரிந்து ஆழமாகப் போகும் பெரிய குளம். அந்தப் பக்கம் ஒரு சுவர், அதற்குள்தான் அலை போடும் மிஷின். மேலே கேபினில் ஆபரேட்டர். முன்பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் சேலையோடு நிற்கலாம் என்று விட்டார்கள். அந்த வருஷங்களில் அவ்வளவு கெடுபிடி இல்லை.

குழாய்த் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்துக் கிடந்து, வந்த அன்றைக்கு அண்டா, குண்டா, சோற்றுச் சட்டி வரை பிடித்து வைக்கிற ஊர்க்காரர்கள் அவர்கள். கரையில் வந்து நின்றதும் ஒரு பெண் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"பாய், இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கெடக்கு?"

நான் தலையை ஆட்டினேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கணுக்கால், முழங்கால் என்று நாலு நாலு பேராகக் கைகோத்துக்கொண்டு போனார்கள்.

அப்போது சங்கு ஊதியது.

மில்லில் ஊதுவது போன்ற சைரன், அலை போடப் போகிறோம் என்பதற்கு அது அடையாளம். குளத்துக்கு வெளியே இருந்த மற்ற ஜனங்கள் அத்தனை பேரும் ஓவென்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். என் பெண்கள் வெளியே ஓடினார்கள். கத்தவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவர் மேல் ஒருவர் விழவில்லை. ஈரச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, எதிரே வந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு, புல்தரையைத் தாண்டிக் காம்பவுண்ட் சுவர் வரை ஓடினார்கள். அங்கே போய்த் தள்ளித் தள்ளி நின்றார்கள். பிறகுதான் திரும்பி, வானத்தில் எந்தப் பக்கம் புகை என்று பார்த்தார்கள். பின்னாலேயே நானும் ஓடினேன். இத்தனை வருஷத் தொழிலில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை.

புகை இல்லை. அவர்களுக்கே அது கம்பெனி இல்லை என்று உறைக்க ஆரம்பித்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? செட்டுச் செட்டாக ஆள் எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. பேச்சியம்மாள் முகம் வெளுத்துப் போய்விட்டது.

"அக்காவக் காணோம்," என்றார்.

நான் குளத்தைப் பார்த்து ஓடினேன், எனக்குப் பின்னால் எல்லோரும். தங்கமாரி தண்ணீருக்குள் நின்றார். கம்பெனியில் தீ என்று சங்கு ஊதினால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும், சூப்பர்வைசர் மட்டும் உள்ளே யாரும் தங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் வர வேண்டும். அதுதான் அவர் வேலை. அங்கே ஒரு முறை சங்கு ஊதி, வெளியே வந்து எண்ணியபோது ஆள் குறைந்திருக்கிறது. அவரே பிறகு சொன்னது. இங்கேயும் அவர் தன் ஆட்களைத் தேடிக்கொண்டு ஆழத்தைப் பார்க்க உள்ளே போயிருக்கிறார். போன இடத்தில் அலை வந்துவிட்டது.

இடுப்பளவுத் தண்ணீர் எழும்பி மார்பில் அடித்தது. தலையிலிருந்த மல்லிகைச் சரம் அவிழ்ந்து தனியாக மிதந்தது. அவர் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு, சுற்றி நின்ற சின்னப் பிள்ளைகளைப் போலவே வாயைத் திறந்து நின்றார். எங்களைப் பார்த்ததும், "வாங்கடி, வாங்கடி," என்று கூப்பிட்டார். அவர்கள் கரைக்கு வந்து சேரவும் அலை அடங்கவும் சரியாக இருந்தது. இன்றைக்கு இதோடு முடிந்தது, எல்லோரும் வெளியே வரவும் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள்.

"குடமும் போச்சு, அலையும் போச்சு," என்றார் பேச்சியம்மாள். இந்தத் தடவை அதில் கோபம் இல்லை, அழுகை இருந்தது. தங்கமாரியின் சிரிப்பு அப்படியே அணைந்துவிட்டது. தான் மட்டும் பார்த்துவிட்டோமே என்ற வெட்கத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டு கரையேறினார்.

நான் கேபின் படியில் மூச்சு வாங்க ஏறினேன். ஆபரேட்டர் சின்னப் பையன், மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவனே கேட்டான்.

"சங்கு ஊதுனா எல்லாரும் உள்ளல்ல ஓடுவாங்க. இவங்க ஏண்ணே வெளிய ஓடுனாங்க?"

"சிவகாசிப் பக்கம் தம்பி. பட்டாசு வேலை," என்றேன்.

அவன் கேபினை விட்டு இறங்கி வந்து தங்கமாரியின் முன்னால் நின்றான். இன்னும் ஒரு தடவை போடுகிறேன், சங்கு ஊதாமலே போடுகிறேன், பயப்படாமல் நில்லுங்கள் என்றான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தங்கமாரி மறுத்துவிட்டார்.

"வேணாம் தம்பி, ஊதியே போடுங்க. அந்தச் சத்தம் கேட்டா எங்களுக்கு ஓடத்தான் தெரியும். ஒருக்காவாச்சும் அது ஊதுறப்ப இவளுக சிரிக்கட்டும்."

பையன் தலையாட்டிவிட்டு மேலே போனான். தங்கமாரி எல்லோரையும் தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் பேசியது எனக்குக் கேட்கும் தூரத்தில்தான் நின்றேன். இங்கே சங்கு ஊதினால் உள்ளேதான் நிற்க வேண்டும், நான் பார்த்துவிட்டேன், ஒன்றும் செய்யாது, ஒருத்தி கையை ஒருத்தி விடக் கூடாது என்று கம்பெனியில் வேலை சொல்வது போலவே சொன்னார்.

சங்கு ஊதியது. நாற்பது பேரின் உடம்பும் ஒருசேரக் கரையைப் பார்த்துத் திரும்பியது. ஒரு செட்டு ரெண்டு எட்டு ஓடியே விட்டது, அவர்களைப் பக்கத்துச் செட்டு பிடித்து இழுத்து நிறுத்தியது. பேச்சியம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தங்கமாரியின் தோளைப் பற்றிக்கொண்டார். சங்கு நிற்கிற வரைக்கும் எல்லோரும் நடுங்கிக்கொண்டேதான் நின்றார்கள். ஆனால் நின்றார்கள். அந்தச் சுவர்ப் பக்கமிருந்து தண்ணீர் மெல்ல முதுகைத் தூக்கிக்கொண்டு வந்தது. முதல் அலை அடித்தது. அப்போது சிரித்தார்கள் பாருங்கள், அது மாதிரிச் சிரிப்பை என் காது கேட்டதில்லை. கேபினில் இருந்த பையன் என்ன நினைத்தானோ, அலை அடித்துக்கொண்டிருக்கும்போதே சங்கை இன்னொரு தரம் ஊதினான். சத்தத்தைவிடச் சிரிப்பு உசந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, நேரம் குறைந்தால் பார்ட்டியை விரட்டாதீர்கள். எதை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் வேலை செய்கிற முறையிலேயே அவர்களைப் போக விடுங்கள். மற்றதெல்லாம் தப்பிப் போனாலும், அவர்கள் ஆசைப்பட்டு வந்த ஒன்றைக் காட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

திரும்பும் வழியில் விருதுநகர் தாண்டும்வரை பஸ்ஸுக்குள் ஈரச் சேலை வாடையும் பேச்சுமாக இருந்தது. தங்கமாரி முன் சீட்டில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நாள் எப்படி இருந்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். திருத்தங்கல் நெருங்கும்போது பேச்சியம்மாள் பின்சீட்டிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏக்கா," என்றார், "அந்தத் தண்ணி எந்தக் குடத்துலக்கா பிடிக்கும்?"