அட்டையில் எழுதாத வேலை

அறுபதுகளின் கடைசி. சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். வாடகைக் கட்டடம், நாலு மேசை, மரப்பெட்டிகள் நிறையப் பதிவு அட்டைகள். அடுத்தவருக்கு வேலை தேடித் தர வேண்டிய எங்களுக்கே எங்கள் வேலை சரியாகப் பிடிபடவில்லை. வருகிறவரிடம் பெயர், வயது, படிப்பு கேட்போம். கடைசியாக, என்ன வேலை தெரியும் என்போம்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு, எனக்கு இது தெரியும் என்று தன் வாயால் சொல்லிக்கொள்வது கூச்சம். அதிலும் சர்க்கார் மேசைக்கு முன்னால் நின்று சொல்வார்களா? எதுவானாலும் செய்கிறேன் என்று தலையைச் சொறிவார்கள். நானும் மளமளவென்று ‘பொது உழைப்பு’ என்று எழுதி அந்தப் பெட்டியில் போட்டுவிடுவேன். இரண்டு பேர் வேலையை ஒருத்தியே முடிக்கிறேன் என்று அதிகாரி பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் பதிவைப் புதுப்பிக்க நீண்ட வரிசை. வாசலில் அதிகாரி வந்த ஜீப் கிளம்ப மாட்டேன் என்றது. வரிசையில் நின்ற பொம்மிடிக்காரர் ஒருவர் பையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் போய் பானட்டைத் தூக்கினார். கால் மணி நேரத்தில் வண்டி ஓடியது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அவர் முறை வந்தபோது அட்டையை எடுத்தேன். பொது உழைப்பு. என் கையெழுத்து. கிணற்று மோட்டார், டிராக்டர் எல்லாம் பழுது பார்க்கிறவர் என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு மாதத்துக்கு முன் அரசுப் பணிமனை ஒன்று எங்களிடம் மெக்கானிக் கேட்டிருந்தது. ‘தகுதியுள்ளவர் எவரும் பதிவில் இல்லை’ என்று பதில் அடித்தவள் நான். அவர்கள் வெளியூர் ஆளை எடுத்துக்கொண்டார்கள். இவருக்கோ அரசு வேலைக்கான வயது வரம்பு போன மாதம் முடிந்துபோயிருந்தது.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தப்பு என்மேல் இருக்க, அவர்மேல் எரிந்து விழுந்தேன். பதிவு செய்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நம்மளப் பத்தி நாமளே எப்படீங்கம்மா சொல்லிக்கறது?" என்றார்.

பிறகு கேள்வியையே மாற்றினோம். நேற்று என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால் யாரும் கூச்சப்படவில்லை. பழைய அட்டைக்காரர்களையும் வரவழைத்துத் திருத்தினோம். அதெல்லாம் அவருக்கு உதவவில்லை.

ஜீப் ஓடிய அந்த நாளிலேயே, பணிமனைக்கு நான் எழுதிய பதிலை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். இனி இந்த அட்டையால் சர்க்கார் வேலை வராது என்பதையும் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பரவால்லீங்கம்மா. மெக்கானிக்குன்னு மட்டும் எழுதிடுங்க. அடுத்த தடவ ஆளே இல்லைன்னு எழுதிடக் கூடாது பாருங்க."

பழையதை அடித்துவிட்டு எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகுதான் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.