போர்வைக்குள் வாய்க்கரிசி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். நம்பச் சொல்லி முத்தாயி யார் காலிலும் விழவில்லை.

மலாயாவில் அவசரகாலம், ஐம்பத்தொன்றாம் வருஷம். கோலா பிலாவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன டவுன். மலாய் நாடுகளைக் கூட்டரசாக்கிய புதிதில் கட்டிய அரசாங்கக் கட்டடம் அங்கே இருந்தது. முன்னால் கொடி, கொழுத்த தூண்கள். பின் கூடத்தில் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட கம்யூனிஸ்ட்காரர்களைக் கிடத்தி, அடையாளம் காட்டத் தோட்டத்துச் சனங்களைக் கூப்பிடுவார்கள். என்ன கௌரவமோ!

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் முத்தாயியை, வேலை வாங்கும் மண்டோர் மணியம் லாரியில் கூட்டிப் போனார். காட்டுக்குள் போன தம்பி வீரமுத்து அவள் சோறூட்டி வளர்த்தவன். அவன்தான் என்று சொன்னால் குடும்பத்தோடு தடுப்பு முகாம். சொல்லாவிட்டால் வாய்க்கரிசி இல்லாமல் போவான். தோட்டத்துக் கேட்டைத் தாண்டி அரிசி கொண்டுபோனாலும், காட்டுக்காரர்களுக்குப் போகிறதென்று ஜெயில்தான். அவள் கொண்டைக்குள் ஒரு பிடி அரிசியை முடிந்திருந்தாள்.

பகல் மூன்றேகால். கூடத்து நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். பக்கத்து அறையில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் மீன் குழம்பைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார். தூ!

ஒரே ஓர் உடல். தலையிலிருந்து முழங்கால்வரை போர்வை.

"காலை மட்டும் பாரு. மூஞ்சத் தொறக்கக் கூடாதாம்," என்றார் மணியம்.

இடது காலில் சுண்டுவிரல் இல்லை. வீரமுத்துவின் சின்ன வயதில் மண்வெட்டி பட்டு, அவள் கண்ணெதிரே போன விரல்.

"யாருன்னே தெரியலீங்க," என்றாள்.

மணியமும் போலீஸ்காரனும் கையெழுத்துப் போட முன்னறைக்குப் போனார்கள். அவள் கொண்டையை அவிழ்த்தாள். போர்வைக்குள் வலது கையை விட்டாள். உதடு தட்டுப்பட்டது. பிசுபிசுவென்று... ஈ அப்பிய உதடு. அருவருப்பை விழுங்கிக்கொண்டு அரிசியைத் திணித்தாள்.

நறுக்... நறுக்...

மென்றது.

கையை இழுத்தாள். வரவில்லை. நாக்கு விரலிடுக்கெல்லாம் நக்கியது... கொழகொழவென்று...

"அக்கா... இன்னும்..."

பிடுங்கிக்கொண்டு ஓடினாள். தூணோரம் வாந்தி எடுத்தாள். மணியம் என்னவென்று கேட்டார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

ஒரு வாரம் போனது. காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் மணியம் ஆறுதலாகச் சொன்னார்.

"நீ மூஞ்சப் பாக்காததே நல்லது, தங்கச்சி. அங்க மூஞ்சி ஏது? தலையை வெட்டி, அடையாளம் பாக்க மொத நாளே சிரம்பானுக்கு அனுப்பிட்டாங்களாம். போர்வைக்குள்ள வெறும் சாக்கைத்தான் சுருட்டி வச்சிருந்தாங்க."

சாகும்வரை முத்தாயி வலது கையால் சோற்றைத் தொடவில்லை.