நாலு புள்ளி எட்டு என்று எழுதிய ஜெனிபர்

போன வாரம் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். சுற்றுச்சூழல் படிப்பு, இறுதியாண்டு மாணவர்கள். 'பூமியைக் காப்போம்' என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். நானும் ஒழுங்காக ஒன்பது பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

இரண்டாவது பக்கம் படித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேடம், பூமி இருக்கட்டும். இத்த படிச்சா எங்களுக்கு இன்னா வேலை கெடைக்கும்?"

அரங்கமே சிரித்தது. துறைத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினேன். பனிமலை உருகுகிறது, கடல் மட்டம் உயர்கிறது, காடு எரிகிறது... வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

காகிதங்களை மடித்துக் கைப்பையில் வைத்தேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜெனிபரின் கதையைச் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டார்கள். கை தட்டினார்கள். ஆனால், கதையில் ஒரு இடத்தை நைசாக விழுங்கிவிட்டேன். அந்த இடத்தில் நான் வருகிறேன். வருகிற விதம் அவ்வளவு நன்றாக இல்லை.

வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

ஜெனிபரின் அப்பா ஆரோக்கியம், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். காண்ட்ராக்டில்தான் வேலை. அவருடைய அப்பா கடம்பத்தூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். மகளை நர்ஸுக்குப் படிக்க வைக்க வேண்டும் என்று ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஆசை. ஜெனியோ சுற்றுச்சூழல் படிப்பில் போய்ச் சேர்ந்து, எம்.எஸ்ஸி. வரை முடித்துவிட்டுத்தான் நின்றாள்.

அந்த ஐந்து வருஷமும் மாடிப்படியில் யார் ஏறினாலும் கேட்டது ஒரே கேள்வி. "இதுக்கு இன்னா வேலை?" பாவம், ஆரோக்கியம் பதில் சொல்லத் தெரியாமல், "கெவருமென்ட்ல ஏதோ இருக்குதாம்" என்று சொல்லிச் சமாளிப்பார். நானும் என் பங்குக்கு ஒரு நாள், "எதுக்கும் ஒரு பி.எட். போட்டு வைம்மா" என்றேன். நம் ஊரில் எந்தப் படிப்புக்கும் மேல் பி.எட். போட்டு மூடிவிடலாம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அலைந்து திரிந்து வேலை கிடைத்தது, அதே கும்மிடிப்பூண்டியில். அப்பா வேலை பார்க்கும் கம்பெனிக்கு அடுத்த காம்பவுண்டு. இரும்புத் தகடுகளை ஆசிட்டில் போட்டுக் கழுவும் கம்பெனி அது. அந்தக் கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடுகிற பிளான்ட்டில் ஜெனிக்கு வேலை. 'என்விரான்மென்ட் டிபார்ட்மென்ட்' என்று போர்டு இருந்ததாம். டிபார்ட்மென்ட் என்றால் ஒரு மேஜை, ஒரு மீட்டர், ஒரு லாக்புக். அப்புறம் இவள்.

காலையில் அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் போவார்கள். ஆடி மாதத்தில் பெரியபாளையம் அம்மன் கோயில் கூட்டத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது, அப்பா ஜன்னலோரம் தூங்குவார், மகள் போனில் எதையோ படித்துக்கொண்டிருப்பாள். ஸ்டெல்லா இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டிபன் பாக்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

பி.எச். மீட்டர் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்ததே ஜெனிதான். ஏழு காட்டினால் தண்ணீர் சமமாக இருக்கிறது. அதற்குக் கீழே போகப் போக ஆசிட். வெளியே போகும் தண்ணீர் ஏழையொட்டி இருக்க வேண்டும். அதைக் காலையும் மாலையும் பார்த்து லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "இவ்ளோதான் ஆன்ட்டி என் வேலை" என்பாள்.

இவ்வளவுதானா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் எனக்குப் போன் வந்தது. ஜெனி. குரலே சரியில்லை.

நடந்தது இது. ஆசிட்டை முறிக்கிற மருந்தைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுகிற பம்ப் காலையிலிருந்து ஓடவில்லை. மீட்டர் நாலு புள்ளி எட்டு காட்டியது. இரண்டு தடவை, மூன்று தடவை பார்த்தாள். அதேதான். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் போகும். வாய்க்காலில் பக்கத்துக் கிராமத்து மாடுகள் வாய் வைக்கும்.

தண்ணீரை நிறுத்தினால் தொட்டி நிரம்பிவிடும். தொட்டி நிரம்பினால் தகடு கழுவுகிற ஆசிட் லைனையே நிறுத்த வேண்டும். அன்றைக்கு ஒரு பெரிய லோடு போக வேண்டியிருந்தது.

மேனேஜர் தணிகாசலம் வந்து லாக்புக்கைப் பார்த்தார். "நேத்து இன்னா ரீடிங்?" என்றார்.

"ஏழு புள்ளி ரெண்டு சார்."

"அத்தயே இன்னிக்கும் போட்டுடும்மா. பம்ப்ப நாளைக்குப் பாத்துக்கலாம்."

"மீட்டர் நாலு எட்டு காட்டுது சார்."

அவர் லாக்புக்கை மூடி வைத்தாராம். அப்புறம் மெதுவாக, "உங்கப்பா பக்கத்து கம்பெனிதான? காண்ட்ராக்டுதான? நல்ல மனுஷன். இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சாயங்காலத்துக்குள்ள எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"இன்னா பண்றது ஆன்ட்டி?" என்றாள் ஜெனி.

இங்கேதான் நான் வருகிறேன்.

மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பத்தியில் நேர்மை, மனசாட்சி என்று எழுதுகிறவள் நான். அப்படிப்பட்ட நான் சொன்னதை அப்படியே தருகிறேன். "இன்னிக்கு ஒரு நாள் எழுதிக் குடுத்துடும்மா. அப்பாவோட வேலையையும் பாக்கணும் இல்ல? நாளைக்கு பம்ப் சரியாயிடும்ல?"

 "சரி ஆன்ட்டி, போனை வெக்கறேன்" என்றாள்.

போனை வைத்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நல்ல யோசனை சொன்ன நிம்மதி. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அவள் போய் லாக்புக்கைத் திறந்தாள். நாலு புள்ளி எட்டு என்று எழுதினாள். பக்கத்தில், 'டோசிங் பம்ப் ஓடவில்லை. தண்ணீரை வெளியே விடக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிளான்ட்டில் வால்வு திறந்து மூடுகிறவர் வெங்கடய்யா. ஆரம்பாக்கத்துக்காரர், ஆந்திர எல்லையை ஒட்டின ஊர். அவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா எழுதிக்கினு கீற?" என்று கேட்டிருக்கிறார். பெண்பிள்ளையையும் அவர் நைனா என்றுதான் கூப்பிடுவாராம். ஜெனி படித்துக் காட்டினாள். அவர் எழுந்து போய் வால்வை மூடிவிட்டார்.

"எழுதாத வரிக்கும் நான் ஒண்ணும் தெரியாதவன். நீ எழுதிட்ட. இனிமே தொறந்தா என் கைதான் மாட்டும்" என்றாராம்.

லைன் நின்றது. லோடு போகவில்லை. சாயங்காலம் ஜெனியிடம், "கூப்பிடற வரைக்கும் வேலைக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு மாடியில் பெரிய சண்டை. எனக்குக் கீழே கேட்டது. ஆரோக்கியம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"ஒரு நம்பர். ஒரே ஒரு நம்பர். அத்த எழுதித் தொலைச்சா இன்னா?"

"நீ எழுதுவியாப்பா? பாய்லர்ல முள்ளு ஒண்ணு காட்டும்போது நீ வேற பிரஷர் எழுதுவியா?"

"அது வேற. அது வெடிக்கும். வெடிச்சா மொதல்ல போறவன் நான்."

"இதுவும் வெடிக்கும்பா. சத்தம் வராது, அவ்ளோதான்."

 கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெல்லா தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு. எண்ணினேன். அப்பாடா என்று இருந்தது.

அடுத்த மூன்று வாரம் ஜெனி வேலை தேடினாள். காலையில் அப்பா மட்டும் தனியாக பஸ் ஏறினார். இன்றைக்கு நம்மையும் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் தினமும் போனார். ஆனால், மகளிடம் அதைக் காட்டவில்லை.

அந்த மூன்று வாரத்தில்தான் எனக்கே தெரிந்தது — இந்தப் படிப்புக்கு எத்தனை வாசல் இருக்கிறது என்று. பெரியபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் வேலை, ஆனால் பி.எட். வேண்டும். (நான் ஒன்றும் சொல்லவில்லை.) பழவேற்காடு ஏரியில் பறவைகளையும் நண்டுகளையும் கணக்கெடுக்கிற ஆராய்ச்சி வேலை, எட்டு மாதத்துக்கு மட்டும். தண்ணீர் பரிசோதனை செய்யும் தனியார் லேப் ஒன்று. அரசாங்கப் பரீட்சை ஒன்று, எப்போது அறிவிப்பு வருமோ தெரியாது. சென்னையில் ஒரு கன்சல்டன்சி: புதுசாகத் தொழிற்சாலை கட்டுகிறவர்களுக்கு, அதனால் சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்று ரிப்போர்ட் தயாரித்துக் கொடுப்பவர்கள்.

கன்சல்டன்சியில் இவளை உடனே எடுத்துக்கொண்டார்கள். ஏசி ரூம், சுழல் நாற்காலி. இவள் கேட்டாளாம், "ரிப்போர்ட்ல ஒரு ஏரி வருதே, அத்த எப்போ போய்ப் பாப்போம்?" அவர்கள், "போட்டோ அனுப்புவாங்க" என்றார்களாம்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனாலும் சேர்வதாக முடிவு செய்துவிட்டாள். வேறு என்ன செய்வது?

திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு அவர்கள் வீடு திரும்பின நேரம், கேட்டுக்கு வெளியே ஒருவர் ஆப்பிள் பையோடு நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் தணிகாசலம்.

ஸ்டெல்லா பதறிப்போய் என்னையும் மேலே கூப்பிட்டாள். நான் நினைத்து வைத்திருந்த முரட்டு ஆள் இல்லை அவர். ஒல்லியாக, ரிட்டையர் ஆகிற வயதில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"பம்ப் வந்துடுச்சும்மா" என்றார் ஜெனியைப் பார்த்து. "பழைய பம்ப் அப்பப்போ நின்னுடும், நீ வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே கேட்டுக்கினு இருந்தேன். ரீடிங் எல்லாம் கரெக்டா இருக்குது, எதுக்குப் புது பம்ப்புன்னு ஹெட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. இந்த வாட்டி நீ எழுதின பக்கத்த ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். மறுபேச்சு பேசல. நீ திரும்பி வேலைக்கு வந்துடும்மா."

 ஜெனிக்கு முன்னால் இருந்தவர்களை ரீடிங்கைக் கரெக்டாக எழுத வைத்தது யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு உங்க வேலையப் பத்தி இழுத்துப் பேசிட்டேன். மேல இருந்து பிரஷர்... அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

ஆரோக்கியம் ஸ்டெல்லாவிடம் டீ போடச் சொல்லிக் கை காட்டினார். இருபது வருஷம் பாய்லரோடு இருந்தவருக்கு பிரஷர் என்றால் என்னவென்று தெரியாதா?

"டீ சாப்புடுங்க சார்" என்றார்.

ஜெனி மட்டும் டீக்கெல்லாம் மசியவில்லை. "வரேன் சார். லாக்புக் என் டேபிள்ல இருக்கும். நான் எழுதறதுதான் ரீடிங். அப்புறம், ஸ்பேர் பம்ப் ஒண்ணு வேணும்."

"ஒண்ணு வாங்கவே நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும்" என்றவர், "சரி, எழுதிக் குடு, அனுப்பறேன்" என்றார்.

அவர் போன பிறகு படியிறங்கும்போது ஜெனியிடம் சொன்னேன். "அன்னிக்கு போன்ல நான் சொன்னது தப்பும்மா." 

"நீங்க சொன்னதுதான் ஆன்ட்டி எனக்கு ஹெல்ப் ஆச்சு" என்றாள்.

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"நான் சும்மா நம்பர் எழுதற வேலைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்களே பயந்தீங்க பாருங்க, அப்போதான் இது பெரிய வேலைன்னு தெரிஞ்சுது."

இதை எப்படிக் கல்லூரி மேடையில் சொல்வேன், சொல்லுங்கள்.

அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கு அன்று நான் பொதுவாகத்தான் பதில் சொன்னேன். இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்: பள்ளிக்கூடமோ, லேபோ, ஏரிக்கரையோ, ஆசிட் கம்பெனியோ — மற்றவர்கள் பார்க்க விரும்பாத ஒன்றை நீ தினமும் பார்க்க வேண்டியிருக்கும் கண்ணு. பார்த்ததை அப்படியே எழுத வேண்டியிருக்கும். அதற்குத்தான் சம்பளம். மற்றதெல்லாம் போர்டில் எழுதியிருக்கும் பெயர்.

ஜெனி மறுபடி அதே பஸ்ஸில் போய்வருகிறாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ஆரோக்கியம் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலில் எதையோ எடுத்து வந்து மகள் முன்னால் வைத்தாராம். "எங்க பாய்லருக்கு விடற தண்ணி. உப்பு கட்டிக்கினே இருக்குது. கொஞ்சம் பாத்து சொல்லு." இத்தனை வருஷத்தில் மகளுடைய படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் சந்தேகம். ஸ்டெல்லா என்னிடம் அதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாடிப்படியில் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர். போன ஞாயிறு நானும் எங்கள் வீட்டில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு பேப்பரில் நம்பரை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

இந்த வாரம் முழுக்க சம்ப் கழுவுகிறேன், அதனால்தான் பத்தி இரண்டு நாள் தாமதம்.