சலவைப் பட்டறைக்காக வெட்டிய கிணற்றில் கிடைத்த கல்

நான் கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தபோது என்னைப் பற்றித் தெருவில் பரவிய முதல் சேதி, "அந்தூட்டு மருமக கல்லுக்குப் படிச்சிருக்குதாமா" என்பதுதான். சென்னையில் ஜியாலஜி படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். அந்தப் படிப்பால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் மாமியார்தான் பதில் சொன்னார். "எங்கூட்டுப் புள்ளைக்குத் தெரியும். உங்களுக்கு எதுக்குங்க அது?" அவருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அது அறுபதுகளின் தொடக்கம். மாமனாருக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனியும், துணியை வெளுக்க ஒரு சலவைப் பட்டறையும் இருந்தன. பட்டறைக் கிணறு உப்பாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் வெளுத்தால் துணி பழுப்படித்துவிடும். ஆகவே காங்கயம் சாலையில் இருந்த எங்கள் காட்டில், கம்பும் சோளமும் விளைந்த மானாவாரி நிலத்தில், புதுக் கிணறு வெட்டி வண்டியில் தண்ணீர் கொண்டுவருவது என்று முடிவாயிற்று.

நாற்பது அடியில் பாறை மாறியது. கிணறு வெட்டும் ஆட்களின் மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார். "அதுவரைக்கும் வரிவரியா சாம்பக் கல்லுங்க. இப்ப திடீர்னு கருங்கல்லு. உளி எறங்க மாட்டேங்குதுங்க. வேற எடம் பாத்துக்கலாங்க."

மறுநாள் காலை மாமனாரும் என் கணவரும் கிளம்பியபோது நானும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். கிணற்றுமேட்டில் கருங்கல் சில்லுகள் குவிந்து கிடந்தன. அதில் ஒன்றைத் தற்செயலாகப் புரட்டினேன். கறுப்புக்கு நடுவே எலுமிச்சம்பழ அளவில் வெளிறிய ஒரு துண்டு பதிந்திருந்தது. அதன் மேல் மாதுளை முத்துப்போலச் சிவப்புப் பொட்டுகள். கல்யாணத்துக்குப் பிறகு நான் கல்லைக் கையில் எடுத்ததே அன்றுதான். முந்தானையால் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கருங்கல் ஒரு காலத்தில் உருகிய குழம்பாக நிலத்தின் வெடிப்பு வழியே மேலே ஏறியது. ஏறும் வழியில் பக்கத்துப் பாறைகளைப் பெயர்த்துத் தன்னோடு இழுத்துவந்து, அப்படியே உறைந்துபோயிருந்தது. ஆனால் அந்த வெளிறிய துண்டு போன்ற பாறை எங்கள் காட்டில் இல்லை. சுற்றுவட்டாரத்தில் நான் பார்த்த எந்தக் கரட்டுக் குன்றிலும் இல்லை. அப்படியானால் அது கீழே, யாரும் வெட்டிப் பார்க்க முடியாத ஆழத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

"மாமா, நான் உள்ள எறங்கிப் பாக்கட்டுங்களா?"

மாமனார் என் கணவரைப் பார்த்தார். கணவர் கயிற்றைப் பார்த்தார். கடைசியில் மேஸ்திரிதான், "வடம் புதுசுங்க. அம்மிணி தாராளமா எறங்கலாங்க" என்றார். ஆட்கள் மேலே ஏறிய பிறகு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண் அள்ளும் கூடையில் உட்கார்ந்தேன்.

கீழே கருங்கல் ஒரு சுவர்போலச் செங்குத்தாக நின்றது. இரண்டு பக்கமும் சாம்பல் பாறை. சுவரின் ஓரத்தில் வெளிறிய துண்டுகள் வரிசையாகச் சிக்கியிருந்தன. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். மேலேயிருந்து கணவர் இரண்டு தடவை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. மேற்கே, நிலம் மேடாகும் பக்கத்தில், இரண்டு பாறைகளும் சேரும் இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

மேலே வந்ததும் மாமனாரிடம் சொன்னேன். "அந்தக் கருங்கல்லு தண்ணிய மறிச்சுட்டு நிக்குதுங்க மாமா. அத ஒடைக்க வேண்டாங்க. மேக்கால சாம்பக் கல்லுப் பக்கமா வெட்டச் சொல்லுங்க."

"உறுதியாத் தெரியுமா அம்மிணி?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஈரம் இருக்குதுங்க."

அவர் ஒத்துக்கொண்டார். அடுத்த ஒரு வாரம் ஆட்கள் மேற்குப் பக்கமாக வெட்டினார்கள். எட்டாம் நாள் வெடி வைத்துப் புகை அடங்கியபோது, மேற்குச் சுவரின் இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் முழங்கால் அளவு நின்றது. மாமனார் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "உப்பில்ல" என்று மட்டும் சொன்னார்.

வெளிறிய துண்டுகளில் ஆறேழைப் பனியன் துணியில் சுற்றி, என்னோடு படித்துவிட்டுக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே வேலையில் சேர்ந்திருந்த தோழிக்குப் பார்சலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கல்லைக் கண்ணாடிபோல மெல்லிசாகத் தேய்த்து நுண்நோக்கியில் பார்த்தாளாம். மிகுந்த அழுத்தத்தில் மட்டும் உண்டாகும் கனிமங்கள் அதில் இருந்தனவாம். நம் காலுக்கடியில் புதைந்திருக்கும் பழைய நிலத்தின் அடித்தட்டு அது, அதைச் சுமந்துவந்த கருங்கல்லைவிட நெடுங்காலம் மூத்தது என்று எழுதியிருந்தாள். பனியன் மடிக்கும் மேசையருகே நின்று மாமியாருக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"எத்தன ஆழத்துல இருந்துச்சாமா?"

"இங்கிருந்து காங்கயம் போற தூரம் கீழ இருக்குங்க அத்தை. அதுக்கு மேலயும் இருக்கலாம்."

"அங்கிருந்து வர எத்தன வருசமாச்சு?"

"வருசமில்லீங்க. சில நாள்தான் ஆயிருக்கும். குழம்பு மெதுவா வந்திருந்தா, கல்லு கனத்துல கீழயே தங்கியிருக்கும்."

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "அப்பிடின்னா நம்ம காங்கயம் பஸ்ஸுக்கு அது தேவல."

மாசி மாதம் தோழி வந்தாள். கருங்கல் எதுவரை போகிறது என்று பார்க்க இருவரும் மூன்று நாள் காடு காடாக நடந்தோம். வேலியோரத்தில் தலைகாட்டும், மறையும், அடுத்த தோட்டத்தில் மறுபடி தெரியும். ஒவ்வொரு தோட்டத்திலும் விசாரித்துவிட்டு மோர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அது ஒரு பருத்திக்காட்டுக்குள் புகுந்து காணாமல் போயிற்று.

காட்டுக்காரர் கவலையோடு வந்தார். "ஏனுங்க, கல்லப் பாக்கப் பருத்தியப் புடுங்கணுங்களா?"

"வேண்டாங்க" என்றாள் தோழி. "இதுவரைக்கும் போதுங்க."

அவர் நிம்மதியாகி இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு, கல் நிறைந்த பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த சாலையில் பேசிக்கொண்டே நடந்தோம்.