அரசலாற்றங்கரையில் காலையில் எழாத பிளேடு

புயல் அடித்து ஓய்ந்த மார்கழியில் யாரும் காரைக்காலுக்கு ஊர் பார்க்கப் போக மாட்டார்கள். நானும் அதற்காகப் போகவில்லை. யுத்தத்தில் மிஞ்சிய ஒரு கிழட்டுப் புல்டோசர் என்னை இழுத்துக்கொண்டு போனது. முன்னால் இருக்கும் பிளேடு மண்ணைத் தூக்க மாட்டேன் என்று சண்டித்தனம் செய்கிறது, உடனே வரவும் என்று ஆற்று உடைப்பை அடைக்கும் காண்டிராக்டரிடமிருந்து தந்தி. திருச்சியில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்த மாதிரி வண்டிகள்தான் சோறு போடுகின்றன.

மாயவரம் போய், பேரளத்தில் காரைக்கால் வண்டிக்கு மாறினேன். அந்த வழியாகப் போகிறவர்கள் பேரளத்திலேயே வயிற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் எல்லையில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பிரெஞ்சுக்காரர் போனபிறகு அந்த ரோதனை இல்லை. இரண்டு டின் ஆயிலோடு நிம்மதியாக இறங்கினேன்.

நிம்மதி அதோடு சரி. வழியெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. ஒன்றிரண்டு அல்ல, தோப்புத் தோப்பாக. அடப்பாவமே! ஆற்றங்கரைத் தெருவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெண்கள், பிள்ளைகள், ஆண்கள் எல்லோருக்கும் பரட்டைத் தலை. எண்ணெய் வழிய வாரிப் பின்னுகிற சீமையில் இதென்ன கோலம்? புயல் பட்ட ஊர், என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

புயலில் அரசலாற்றின் கரை உடைந்த இடத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் கடல். இந்தப் பக்கம் பால் பிடித்த சம்பா. மறுநாள் அமாவாசை. கடல் ஏறினால் உப்புத் தண்ணீர் உடைப்பு வழியாக உள்ளே வரும், முதலில் போவது அந்தத் தெரு அஞ்சம்மாளின் வயல். குத்தகை நிலம். கணவர் இல்லை, வேறு வரும்படியும் இல்லை. நான் போனபோது வரப்பில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளேடோ ஜம்மென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது! இதற்கா தந்தி என்று டிரைவர் ஹமீதிடம் எரிந்து விழுந்தேன். அவர் நிதானமான ஆள்.

"காலையில வந்து பாருங்கண்ணே. அப்படியே படுத்துக்கும். உச்சி வெயிலுக்கு மேலதான் எந்திரிக்கும்" என்றார்.

அதனால் தினமும் பாதி நாள் வேலைதான். உடைப்பும் பாதிதான் அடைபட்டிருந்தது.

மறுநாள் பனியோடு போனேன். பிளேடு அரையடி எழுந்து நின்றுவிட்டது. ஆயிலை அழுத்திப் பிளேடைத் தூக்கும் பம்ப் முனகியது. குழாய்களில் கசிவு இல்லை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றிப் பார்த்தேன், அதிலும் குற்றமில்லை. பம்ப் தேய்ந்திருந்தால் சூடேற ஏற அழுத்தம் குறைய வேண்டும். இங்கே எல்லாம் தலைகீழ். கடைசியில் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. விரலால் வழித்து மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய்!

எந்தப் புண்ணியவான் ஊற்றினான் என்று கத்தினேன். ஹமீது தலையைக் குனிந்துகொண்டார். பதில் வரப்பிலிருந்து வந்தது.

"நாங்கதாங்க ஊத்துனோம். குழா வெடிச்சு ஆயிலெல்லாம் கொட்டிப் போச்சு. அப்ப ரோடு இல்ல, ரயிலு இல்ல, ஆயில் வராதுன்னாங்க. விழுந்த காயெல்லாம் ஆட்டி வச்சிருந்தோம். தெருவுல ஒரு வூடு பாக்கி இல்லீங்க" என்றார் அஞ்சம்மாள்.

வெயிலில் ஊற்றும்போது தண்ணீராகத்தான் ஓடியதாம். பிளேடு எழுந்ததும் பெண்கள் குலவையிட்டார்களாம். மத்தியானம் நன்றாகத் தூக்குகிற வண்டிக்கு எண்ணெயில் என்ன கோளாறு என்று ஹமீது என்னிடம் சொல்லாமலே விட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பரட்டைத் தலைகள் நினைவுக்கு வந்தன. மரமெல்லாம் போய்விட்டது. இனி கன்று வைத்து அது காய்க்க எத்தனை வருஷமோ! கடைசி எண்ணெயையும் இந்த இரும்புக்கு வார்த்துவிட்டு நிற்கிறார்களே! திட்டுவதை விட்டு ஸ்பானரை எடுத்தேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் கரியடுப்பை மூட்டி, எண்ணெயை உருக்கி வடித்தோம். உள்ளே சல்லடை முழுக்க அடைத்திருந்தது; பம்புக்கு எண்ணெயே போகாதபோது அழுத்தம் எங்கிருந்து வரும்? மண்ணெண்ணெயில் அலசி மாட்டி, என் இரண்டு டின்னையும் ஊற்றினேன். வெயில் ஏறுமுன் பிளேடு எழுந்தது. ஹமீது அதன்பிறகு இருக்கையைவிட்டு இறங்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது.

இரவில் கடல் ஏறியது. விடிந்ததும் அஞ்சம்மாள் வயல் வாய்க்காலில் ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தார்.

"உப்புக் கரிக்கல" என்றார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அழுத்தம் குறைந்தால் எடுத்தவுடன் பம்பைப் பிரிக்காதீர்கள். குளிரில் மக்கர் செய்து வெயிலில் சரியானால், முதலில் தொட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன ஊற்றினார்கள் என்று டிரைவரிடமும் கேளுங்கள். கையில் ஒரு டின் ஆயில் கூடுதலாகவே இருக்கட்டும். மார்கழியில் காரைக்கால் போனால் போர்வையும் வேண்டும்.

கிளம்புமுன் அஞ்சம்மாள் வீட்டுக் கிணற்றடியில் குளித்தேன். வடித்த எண்ணெய் கருத்து, கசடு கலந்து, விளக்குக்குக்கூட ஆகாமல் வாசலில் டின்னோடு இருந்தது. அஞ்சம்மாள் தலை துவட்டத் துண்டு கொண்டுவந்து நீட்டினார்.

"தலைக்கு வைக்க ஒரு சொட்டு எண்ணெ இல்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.